தெய்வம்மாவின் மஞ்சள் தொப்பி

பழனியாண்டி தன்னைத்தானே மண்ணுக்குள் தேடிய நாளிலிருந்துதான் தெய்வம்மாவின் கதையைத் தொடங்க வேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் சரியாக வராது.

பர்லியாருக்கு மேலே, குன்னூர் போகிற மலைப்பாதையை ஒட்டி எங்கள் கல்லுமேடு தேயிலை எஸ்டேட். நான் அங்கே டிராக்டர் ஓட்டினேன். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு கோழிக்கூட்டையும் விறகுக் கொட்டகையையும் மூடிவிட்டது. மேல் லயத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிலோன்காரர்கள். அங்கத்துத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

"பழனியாண்டியக் காணோம்" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கிவிட்டோம். பெண்கள் கொழுந்துக் கூடையில் மண் அள்ளிக் கொட்டினார்கள். காலையில் ஆரம்பித்தது, பொழுது சாய்ந்தும் முடியவில்லை.

பழனியாண்டியோ குன்னூரில் படம் பார்த்துவிட்டு, பொரிகடலை மென்றுகொண்டு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. களைத்துப்போன ஒருவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் குதித்தான். அழுதுகொண்டே வெட்டினான். கூடையோடு வந்த தெய்வம்மாதான் அவனைக் கண்டாள்.

"அடே, யாரடா தோண்டுற?"

"தெரியலக்கா. நம்ம ஆளு யாரோ உள்ள கெடக்கானாமே."

"ஒன்னையத்தான்டா தோண்டுறோம், எடுபட்ட பயலே!"

அவன் கை அதற்குப் பிறகும் இரண்டு வெட்டு வெட்டியது. அதுவரை அழுத ஜனம் மழையில் நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தது. தெய்வம்மாவும் சிரித்தாள். ஆனால் முதலில் சிரிப்பை நிறுத்தியவளும் அவள்தான்.

"இல்லாத ஆளுக்குப் பகல் பூரா தோண்டிட்டோம். நெசமாவே ஒருத்தி உள்ள கெடந்திருந்தா? யாரு இருக்கா, யாரு இல்லைன்னு சொல்ல நம்ம லயத்துல ஒரு ஆளு இல்லையே" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். குட்டையான உருவம். குரல் மட்டும் உருவத்துக்குப் பொருந்தாது. மலைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து மாடு திரும்பிப் பார்க்கும்.

கொஞ்ச நாளில் குன்னூர் சர்ச் ஹாலில் ஆபத்துக்காலப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். தீப்பிடித்தால், மண் சரிந்தால், எவனாவது வெடி வைத்தால், கேட்பாரில்லாத பை கிடந்தால் என்ன செய்வது என்று பாடம். எஸ்டேட்டுக்கு இரண்டு பேர் போகலாம். ஆபீசிலிருந்து கிளார்க் லெஸ்லி என்று முடிவாகிவிட்டது. இன்னொரு இடத்தை ஃபாக்டரிக்காரர்கள் தங்களுக்கென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வம்மா நேரே பங்களாவுக்குப் போய், "தொரை, நா போறேனுங்க" என்றாள். மானேஜர் சம்மதிக்காமல் இருந்திருந்தால் அவள் அங்கேயே நின்றிருப்பாள். அவருக்கும் அது தெரியும்.

பயிற்சி கொடுத்தவர் தனசிங். பட்டாளத்தில் இருந்து வந்தவர். விறைத்த மீசை, விறைத்த சட்டை. முதல் நாளே, "ஆபத்துன்னா எப்படிக் கூப்பிடுவீங்க? யாராவது கூப்பிட்டுக் காட்டுங்க" என்றாராம். தெய்வம்மா எழுந்து கூப்பிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பாஸ்டர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு விசில் தேவையில்லை" என்றார் தனசிங்.

"விசிலு வேணுங்க ஐயா. அந்த மஞ்சத் தொப்பியும் வேணும்."

மேசைமேல் ஒரு மஞ்சள் இரும்புத் தொப்பி இருந்தது. லயத்துக்கோ ஃபாக்டரிக்கோ காவல் பொறுப்பாளி ஆகிறவருக்கு அது கிடைக்கும்.

"அதுக்கு உங்க எஸ்டேட்டுல ஒரு ஒத்திகை இருக்கு. சத்தம் கேட்டதும் ஜனம் முழுக்க வெளியே வரணும். காணாத ஆள் யாருன்னு நீங்க சொல்லணும். சரியாச் சொன்னா தொப்பி உங்களுக்கு. அடுத்தாப்புல ஊட்டியில இந்த ஆபத்துக்காலப் பயிற்சிக்கு ஒரு மாநாடு, அதுல நீங்கதான் செஞ்சு காட்டுவீங்க. இல்லேன்னா பொறுப்பு ஃபாக்டரிக்குப் போயிடும்."

ஃபாக்டரி கீழே இருக்கிறது. மேல் லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஃபாக்டரிக்காரனுக்கு என்ன தெரியும்? தெய்வம்மா அன்றிலிருந்து வேறு நினைப்பில்லாமல் திரிந்தாள்.

எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. கண்ணில் பட்டவனுக்கெல்லாம் கட்டுப் போட்டாள். கம்பளியும் மூங்கிலும் வைத்துத் தூக்குக் கட்டில் கட்டி, என்னை அதில் படுக்கவைத்துப் பள்ளத்தில் கவிழ்த்தாள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் துணிப்பை ஒன்று அனாதையாகக் கிடந்தது. ஜனத்தையெல்லாம் விரட்டிவிட்டு, டீக்கடையைச் சாத்தவைத்துவிட்டு, தூரத்தில் காவல் நின்றாள். கடைசியில் கீழ் லயத்து மூக்கம்மா வந்தாள். அவள் சிலோன்காரி இல்லை; என்னைப் போல இந்தப் பக்கத்து ஆள், காரமடைக்காரி.

"ஏனுங்கக்கா, என்ர கருவாட்டுக்கு எதுக்குங்க இத்தன காவலு?"

"ஒன் கருவாடா? வெடின்னா இப்படி நாறாதேன்னு அப்பவே நெனச்சேன்" என்றாள் தெய்வம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஒத்திகைக்கு முன்னால் ஃபாக்டரி சங்கை ஊதி நாங்களாகப் பழகிப் பார்த்தோம். கேவலம். சங்கு ஊதியதும் ஆண்கள் என்ன ஆயிற்று என்று பார்க்க ஃபாக்டரிக்கு உள்ளே ஓடினார்கள். பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றவர்களும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டு இடம் மாறினார்கள். லெஸ்லி விரல் நீட்டி எண்ணுவான். பாதியில் யாராவது, "கிளாக்கரய்யா, என்னைய எண்ணிட்டீங்களா?" என்று கேட்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

"அக்கா, இது நம்மளால ஆகாது" என்றான் லெஸ்லி.

"ஆகாதுன்னு ஒங்கள யாரு கேட்டா? எண்ணுங்க."

ஒத்திகை நாள் வந்தது. ஜீப்பில் தனசிங்கும் இன்னும் சில அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். கட்டியான மூடுபனி. தனசிங் யாருக்கும் தெரியாமல் மூக்கம்மாவை அழைத்துப்போய், ஃபாக்டரி மச்சில் இலை வாட்டும் இடத்தில் ஒளித்துவைத்தார். காணாமல்போன ஆள் அவள்தான். பிறகு சங்கை ஊதச் சொன்னார்.

சங்கு ஊதவில்லை. கரண்டு போய்விட்டது.

தெய்வம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். ஜனம் மலை முழுக்கச் சிதறி நிற்கிறது. அந்தப் பனியில் அவள் குரலே ஒரு தேயிலைக் காட்டைத் தாண்டவில்லை. சட்டென்று தன் புருஷன் கருப்புசாமி பக்கம் திரும்பினாள்.

"இந்தா, தப்ப எடு!"

கருப்புசாமி சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பறை அது. அதைத்தான் தப்பு என்பார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும். ஈரத்தில் தோல் தொங்கிப்போயிருந்தது. பிள்ளைக்காம்பராவில் பால் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் சட்டியை இறக்கிவிட்டுத் தப்பைக் காய்ச்சினார்கள்.

"என்ன அடி அடிக்கட்டும் புள்ள?"

"எதையாச்சும் அடி!"

மனுஷன் பதறிப்போயிருந்தான். பதறின கை பழகின அடியைத்தானே அடிக்கும்? அங்கே சிலோன் தோட்டத்தில், விடியுமுன் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற பெரட்டுத் தப்பு ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் எழுந்து, கூடையை மாட்டிக்கொண்டு, களத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி முன்னால் வரிசையில் போய் நிற்க வேண்டும்; அந்த வரிசைதான் பெரட்டு. கருப்புசாமியின் கை அதை அடித்துவிட்டது.

பனிக்குள்ளிருந்து சிலோன்காரர்கள் வந்தார்கள். மத்தியான வேளையில், முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. ஒத்திகைக்குச் சொன்ன பள்ளிக்கூட மைதானத்துக்கு ஒருவரும் போகவில்லை. நேரே கொழுந்து நிறுக்கிற களத்துக்கு வந்து, எங்கள் எஸ்டேட் கங்காணிகள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வரிசையாக நின்றார்கள். நின்ற இடத்தை விட்டு ஒருவரும் நகரவில்லை. அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

தெய்வம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு! கையில ஒண்ணும் எடுக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எடமும் போச்சு. ஏய்யா, ஒனக்கு வேற அடியே தெரியாதா?"

"நீதானே எதையாச்சும் அடின்னே?"

தனசிங் மீசையை நீவிக்கொண்டு வரிசைகளைப் பார்த்தார். "சண்டை அப்புறம். யாரைக் காணோம், சொல்லுங்க."

தெய்வம்மா வரிசை முன்னால் நடந்தாள். கங்காணிகள் அவரவர் ஆளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். "நம்மகிட்ட எல்லாம் இருக்கு." "நம்மகிட்டயும் இருக்கு." "நம்ம பெரட்டுல மூக்கம்மா இல்ல." லெஸ்லி வாயைப் பிளந்தான். தனசிங் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கடைசிக் கங்காணி, "நம்ம பெரட்டுல பழனியாண்டி இல்ல" என்றான்.

"ரெண்டு பேருங்க ஐயா" என்றாள் தெய்வம்மா.

"ஒருத்தர்தானம்மா. ஒளிச்சுவச்சவன் நான். எனக்குத் தெரியாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஒருத்தர் என்று சொல்லியிருந்தால் அங்கேயே தொப்பி கிடைத்திருக்கும். லெஸ்லிகூட, "அவன் சினிமாவுக்குப் போயிருப்பான்க்கா" என்று முணுமுணுத்தான். தெய்வம்மா தொப்பியைப் பார்த்தாள். வரிசையில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருதாங்க. தொப்பி போனாப் போவுது. ஆளத் தேடுங்க."

தேடினோம். மூக்கம்மா மச்சில் வாடிய இலைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கொட்டகையில் சாக்குக் குவியல் ஒன்று தும்மியது. இழுத்தால், பழனியாண்டி.

"இங்க என்னடா பண்ணுற?" தெய்வம்மா அவன் காதைப் பிடித்துவிட்டாள்.

"இல்லக்கா… அன்னைக்கு எனக்காக எத்தன பேரு அழுதுக்கிட்டே தோண்டுனீங்க. அத நா சரியாப் பாக்கவே இல்ல. இந்த வாட்டி உள்ள இருந்து பாக்கலாம்னு…"

தனசிங் சிரித்த சிரிப்பில் மீசையின் விறைப்பு போய்விட்டது. "கையில கத்தி, முதுகுல கூடை, இடமும் வேற. பாடத்துல பாதி பிசகு. ஆனா எனக்குத் தெரியாத ஆளையும் சேர்த்துச் சொல்லிட்டீங்களே!" என்று அவரே தொப்பியை அவள் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது. கொழுந்து பறிக்கையில் கட்டுகிற தலைத்துணியை உள்ளே சுற்றிச் சரிசெய்துகொண்டாள். இரண்டு நாள் அதைக் கழற்றவில்லை என்று கருப்புசாமி சொன்னான்.

பிறகு ஊட்டி மாநாடு. பெர்ன்ஹில்லில் பெரிய கூடம். பல ஊர் அதிகாரிகள், தோட்டத் துரைகள், டை கட்டியவர்கள். தெய்வம்மா மஞ்சள் தொப்பியோடு மேடையேறினாள். "வணக்கமுங்க. ஆபத்துன்னா மொதல்ல யாரக் காணோம்னு பாக்கணும். நா பேச வரல, செஞ்சு காட்ட வந்தேன்" என்றாள். கருப்புசாமி சமையற்காரனோடு சண்டைபோட்டு அங்கத்து அடுப்பிலேயே தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்து, அதே பெரட்டு அடியை அடித்தான். கூட வந்திருந்த எங்கள் எஸ்டேட் ஆட்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். கூடம் கை தட்டியது.

தட்டல் ஓய்வதற்குள் பின்பக்கக் கதவு திறந்தது. வெளியே தோட்டவேலை செய்துகொண்டிருந்த கூலியாட்கள், ஆணும் பெண்ணுமாக, மண்ணொட்டிய காலோடு உள்ளே வந்தார்கள். ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. வந்தவர்கள் எங்கள் வரிசைக்குப் பின்னால், ஒரு கங்காணி முன்னால் நிற்கிற மாதிரியே, அடக்கமாக நின்றார்கள். அவர்களும் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள்தான்.

தனசிங் கேட்டார், "என்னம்மா, எத்தனை ஆள் குறையுது?"

தெய்வம்மா தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடைசி வரிசைவரை மெதுவாகப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கொறையலங்க ஐயா. கூடியிருக்கு."