வீங்கின ஃபைலும் என் ஆள்காட்டி விரலும்

பிள்ளைகள் கோடிங் பழகும் சாஃப்ட்வேரில் ஃபைல் வீங்கித் திறக்காமல் போனால், அதை இளைக்க வைப்பதுதான் கூடுவாஞ்சேரியில் சமையல் முடித்த கையோடு நான் பார்க்கும் தொழில். இதில் பயப்படாதவர் இன்னும் எதையும் டிலீட் செய்யாதவர்.

அணைக்காத மைக்

ஊரப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் செய்த பூனை விளையாட்டு ஸ்கூல் தளத்தில் ஏறவில்லையாம். பூனை கத்துவதைப் பதிவு செய்தவன் மைக்கை அணைக்கவே இல்லை. ஒரு மியாவுக்குப் பின்னால், இவர் தங்கையிடம் மாமியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசியது முழுசாக இருந்தது. மியாவை விட்டு மீதியை வெட்டினேன். ஃபைல் இளைத்தது, அவர் முகம் வெளிறியது.

"மேடம், போன வாரமே பாட்டிகிட்ட இத வெளாடிக் காட்டிட்டானே, அவங்க முழுசா கேட்டிருப்பாங்களா?"

இரண்டு லிஸ்ட்

மாமல்லபுரத்துச் செல்வி, எட்டாவது படிக்கும் மகள் யாழினியோடு வந்தாள். ஆமை சீசன் முழுக்க விடியற்காலையில் அப்பாவோடு கரையில் நடந்து, கண்ணில் பட்ட ஆமை முட்டைக் குழிகளையெல்லாம் யாழினி தன் ஆமை விளையாட்டுக்குள்ளேயே ஒரு லிஸ்டில் ஏற்றியிருந்தாள். திங்கட்கிழமை செங்கல்பட்டில் பள்ளிக் கண்காட்சி. ஃபைலோ திறக்கவே பத்து நிமிடம் எடுத்தது. காரணம் இன்னொரு லிஸ்ட். ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரும் அதில் சேர்ந்துகொண்டே போயிருந்தது. ஆட்டம் தொடங்கும்போது அதைக் காலி செய்யும்படி புரோகிராமில் சொல்ல மறந்திருந்தாள்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. லிஸ்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் காலி செய்து, அதே பெயரில் சேவ் செய்து மூடினேன். மறுபடி திறந்தால், சட்டென்று திறந்தது. பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"ஆன்ட்டி, என் ஆமைக் குழியெல்லாம் எங்க?"

வியர்வை

நான் படித்த கான்வென்ட்டில் மதர் சுபீரியர் முன்னால் நின்றபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை. அன்டூ வேலை செய்யவில்லை. அவர்கள் ஃபைல் கொண்டுவந்த பென் டிரைவைத் துழாவினேன், பழைய காப்பி ஒன்றும் இல்லை. யாழினி அழவில்லை, முதல் நாளிலிருந்து விரல்விட்டு நினைவுபடுத்திப் பார்த்தாள், நான்காம் நாளில் நின்றுவிட்டாள். அதைப் பார்க்க முடியாமல், நான்தான் அழித்துவிட்டேன் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த இன்னொரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கோச்சிக்காதீங்கக்கா, நீங்க போன்ல அவசரப்பட்டதுலயே எனக்கு பயமா பூட்ச்சி, அதான் ஜெராக்ஸ் கடையில இன்னொண்ணு காப்பி போட்டுகினு வந்தேன்."

என்னை நம்பி வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நான் கடை திறந்து வைத்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நம்பாமல் வந்த ஒருத்தி.