முழுகாம இருந்த அஞ்சு மாசம்

வெள்ளையம்மா அக்கா கப்பலேறிப் போனதுக்குக் கங்காணிதான் காரணம்னு எங்க தோட்டத்து லயத்து வரிசை வீடுங்கள்ல எல்லாரும் சொல்லுவாங்க. பொய். காரணம் நான்தான். இந்தக் கருப்பாயியோட வாயிதான். ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதுவும் வாயெல்லாம் பல்லாச் சொன்னேன். அந்த வார்த்தைய நம்பி ஒரு பொம்பள வயித்தத் தடவிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ஏழு வருசம் ஆச்சு. இன்னும் என் மனசு ஆறல.

மலாயாவுல யோங் பெங் பக்கம் காட்ட அழிச்சு கித்தா மரம், அதான் ரப்பர், நட்ட காலத்துலயே அக்காவும் அது புருசன் செல்லப்பன் மாமாவும் வந்துட்டாங்க. அப்ப அக்காவுக்கு இருபத்தி மூணு வயசு. பால் எடுக்க மரம் சீவுறதுல அக்காவ அடிச்சுக்க ஆளில்ல. முந்நூறு மரம் சீவினாலும் ஒரு மரத்துல காயம் பாக்க முடியாது. மூணு புள்ள பெத்துச்சு. ஒண்ணு பொறந்தப்பவே மூச்சில்ல. மத்த ரெண்டும் ஒரே மழைக்காலத்துல காய்ச்சல்ல போச்சு, பத்து நாள் வித்தியாசத்துல. லயத்துக்குப் பின்னால ஆத்தோரமா மூணையும் பொதைச்சு மூணு கல்லு வச்சாங்க. அதுக்கப்புறம் வயித்துல ஒண்ணும் தங்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா அக்கா மூணு அகல் வெளக்க எடுத்துக்கிட்டுப் போகும். பதினாறு வருசத்துல ஒரு வெள்ளி தவறினதில்ல.

அப்பத்தான் ரப்பர் வெல விழுந்துச்சு. பாதி மரத்தச் சீவாமப் போட்டுட்டாங்க. வேலையில்லாத ஆளுங்கள ஊருக்கு அனுப்பணும்னு தொரை உத்தரவு. தங்கராஜு கங்காணி பட்டியல் எழுதுவாரு, மாசம் ஒரு லாரி வரும், பேரு வந்தவங்க மூட்ட முடிச்சோட ஏறிப் போயிருவாங்க. வயசானவங்க பேருதான் மொதல்ல. அந்த லாரிச் சத்தம் கேட்டாலே அக்கா அந்த மூணு கல்லுகிட்டப் போயி ஒக்காந்துக்கும். ஊருல யாரு இருக்கா எனக்குன்னு கேக்கும். நான் கப்பலேறிட்டா இந்த மூணுக்கும் யாரு இருக்கான்னு கேக்கும். என்னை வெட்டி இதுங்க பக்கத்துல பொதைச்சிட்டு உங்க பட்டியல எழுதிக்குங்கன்னு சொல்லும். அது வெறும் பேச்சில்ல. நெசமாவே செத்தாலும் சாவேன், போகமாட்டேங்கிற மாதிரிதான் இருந்துச்சு அது மொகம்.

அந்தச் சித்திரையிலிருந்து அக்கா ஒரு மாதிரி ஆயிருச்சு. சீவிக்கிட்டே இருக்கும், திடீர்னு கத்தியப் போட்டுட்டு முந்தானையால விசிறிக்கும். நெஞ்சுக்குள்ளருந்து தீ ஏறுது கருப்பாயி, காதெல்லாம் எரியுதுங்கும். தொட்டுப் பாத்தா ரவிக்க தொப்பலா நனைஞ்சிருக்கும். கொஞ்ச நேரத்துல குளுருதுன்னு சாக்க எடுத்துப் போத்திக்கும். ராவுல பொட்டுத் தூக்கம் கிடையாது. முட்டி வலி, படபடப்பு. எந்த மரம் சீவினோம் எந்த மரம் சீவலன்னு மறந்துபோயி நெரையில நின்னு முழிக்கும். காயமே படாத கையி, ஒரே நாள்ல நாலு மரத்துல பட்டையத் தாண்டிக் கட்டையத் தொட்டுருச்சு.

கோவம் வேற. மாமா வெத்தல மெல்லுற சத்தம் புடிக்கலன்னு சோத்துச் சட்டியத் தூக்கி வாசல்ல எறிஞ்சுச்சு. எறிஞ்சிட்டு அதையே பொறுக்கிக்கிட்டு ஒக்காந்து அழுதுச்சு. இருபது வருசத்துல அந்த மனுசன ஒரு வார்த்த அதிர்ந்து பேசாத பொம்பள. எனக்குப் பைத்தியம் புடிக்குது, யாருகிட்டயும் சொல்லிராதன்னு என் கையப் புடிச்சுக்கிச்சு. பைத்தியம்னு தெரிஞ்சா அடுத்த லாரி அதுக்குத்தான். அந்தப் பயம் வேற அதத் தின்னுச்சு.

இப்ப என் அறிவக் கேளுங்க. எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. எங்க லயத்துல பிரசவம் பாக்குறவ நான்தான். முப்பது புள்ளைய வெளிய எடுத்தவன்னு ஒரு திமிரு. ஆனா ஒண்ண யோசிச்சுப் பாருங்க, எங்க லயத்துல அப்ப வயசான பொம்பளையே கிடையாது. எல்லாரும் கொமரியா வந்தவங்க. பாதிப் பேரு காய்ச்சல்லயும் பிரசவத்துலயும் போயிட்டாங்க, மிச்சப் பேரு ஊருக்குப் போயிட்டாங்க. பொம்பள ஒடம்பு நாப்பதுக்கு மேல என்ன ஆகும்னு கண்ணால பாத்தவ ஒருத்தி இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். மாசா மாசம் தலை முழுகுறவ முழுகலைன்னா, அவ முழுகாம இருக்கா. வயித்துல புள்ள. வேற அர்த்தம் அந்த வார்த்தைக்கு நாங்க கேட்டதில்ல.

ஆனி முடியப் போற நேரம், ஆத்துல துணி அலசிக்கிட்டிருந்தோம். எத்தன மாசமாச்சு தூரமாகின்னு கேட்டேன். சித்திரைலருந்து இல்லன்னுச்சு. தலை சுத்துது, சோத்தப் பாத்தா கொமட்டுது, மாரு வலிக்குதுன்னுச்சு. நான் நாடியப் புடிச்சேன். அது குதிர மாதிரி ஓடுச்சு. படபடப்புல ஓடுற நாடின்னு இந்த மரமண்டைக்குத் தெரியல.

"அக்கா, நீ முழுகாம இருக்க" அப்படின்னேன்.

கல்லு மேல அடிச்ச துணி ஆத்தோட போச்சு. அக்கா அதப் புடிக்கக்கூட இல்ல.  அப்புறம் என் தோள்ல மொகத்த வச்சு அழுதுச்சு பாருங்க, அப்படி ஒரு அழுகைய நான் பாத்ததில்ல.

அந்த மாசப் பட்டியல்ல அக்கா, மாமா ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. நான் நேராப் போயி கங்காணிகிட்டச் சொன்னேன். புள்ளத்தாச்சிய ஏத்தக் கூடாது, நடுக்கடல்ல பெத்துட்டா யாரு பொறுப்புன்னு தொரை ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாரு. தங்கராஜு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. நெசந்தானான்னு கேட்டாரு. நான் கை வச்சுப் பாத்து எது பொய்யாயிருக்குன்னு எகிறினேன். பட்டியல்லருந்து அவங்க ரெண்டு பேரு பேரையும் அடிச்சிட்டாரு.

அப்புறம் லயமே கூடிப் போச்சு. ஆளாளுக்குப் புளியும் மாங்காயும் கொண்டாந்து குடுத்தாங்க. செல்லப்பன் மாமா வாயத் தொறந்து பேசாத மனுசன், உத்தரத்துல தூளி கட்ட இரும்புக் கொக்கி அடிச்சாரு. அடிச்சிட்டு அதுல தொங்கிப் பாத்தாரு, தாங்குமான்னு. அந்தப் பழைய பச்சக் கர தூளிச்சேல எங்க வச்சிருக்கன்னு அக்காகிட்டக் கேட்டாரு. பொறக்கப் போற புள்ளைக்குன்னு ஊருலருந்து கொண்டாந்த சேல அது. பொட்டியில இருக்குன்னு அக்கா சொல்லுச்சு. தீ ஏறுறதும் தூக்கமில்லாததும் அப்பவும் இருந்துச்சு, ஆனா அக்கா அதுக்கெல்லாம் சிரிச்சுச்சு. ஆம்பளப் புள்ளைன்னா ஒடம்பு சூடாத்தான் இருக்கும்னு நான் வேற சொல்லி வச்சிருந்தேன். என் நாக்குல தேளு கொட்ட.

புரட்டாசி பொறந்து நாலாம் நாளு, நெரையில நின்ன அக்கா அப்படியே குந்திருச்சு. ஓடிப் போயிப் பாத்தா ரத்தம். கொட்டுது. வேரெல்லாம் ரத்தம். கலைஞ்சு போச்சுன்னு நெனச்சு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கைய விட்டுத் தேடினேன். அஞ்சு மாசக் கருவுன்னா கைக்குத் தட்டுப்படணும். ஒண்ணும் இல்ல. வெறும் ரத்தக் கட்டி.

யாருக்கும் தெரியாம டிரசர் கதிரேசுகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரரு, எங்க தோட்டத்து மருந்துக் கொட்டகையப் பாக்குறவரு. வயித்த அமுக்கிப் பாத்தாரு. தூக்கம் எப்படி, சூடு வருதா, எத்தன மாசமான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு.

"இது பிள்ளை அழிஞ்சதில்லை. பிள்ளை தங்கவே இல்லை" அப்படின்னாரு. "மாத ரத்தம் நிக்கிற வயசு உமக்கு வந்திட்டுது. நிக்க முன்னம் இப்பிடித்தான். மாசக்கணக்கில வராது, வந்தால் கொட்டும். சூடு, கோவம், அழுகை எல்லாம் அதாலதான்."

அக்கா மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? அப்ப நான் பைத்தியம் இல்லியான்னு கேட்டுச்சு. இல்லைன்னு அவரு தலையாட்டினதும் அது மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. ஒரு நிமிசந்தான். அப்புறம் கைய வயித்து மேல வச்சுச்சு. வச்ச கைய எடுக்கவே இல்ல. ரத்தம் நிக்க மருந்து குடுத்துட்டு, என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் ஒண்டும் சொல்லேல்லைன்னு அவரு கதவச் சாத்திக்கிட்டாரு. நல்ல மனுசன்.

வழியில அக்கா என் கையப் புடிச்சு நிறுத்துச்சு. ஐப்பசியோட லாரி நின்னுரும்னு பேசிக்கிறாங்க, அதுவரைக்கும் நான் முழுகாமத்தான் இருக்கேன், அப்புறம் கலைஞ்சிருச்சுன்னு நீயே சொல்லிருன்னுச்சு. மாமாகிட்டயும் மறைக்கணுமான்னு கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்னுச்சு. சரின்னு ஒத்துக்கிட்டேன். இந்தக் குழிய வெட்டினதே நானு.

தூளிச்சேலைய மடிச்சு வயித்துல கட்டினது நான்தான். அது மேல சேலைய இறுக்கிச் சுத்தி விட்டேன். அந்த ரெண்டு மாசம் அக்கா பட்ட பாடு எதிரிக்கும் வேணாம். ரத்தம் நிக்கிறதும் வர்றதுமா இருந்துச்சு. தீட்டுத் துணிய எங்க வீட்டுத் துணிக்குள்ள வச்சு நான் அலசினேன். சூடு நாளுக்குப் பத்துத் தடவ ஏறும். அந்தச் சூட்டுக்கு ஒரே மருந்து தலையில தண்ணி ஊத்துறதுதான். ஆனா ஊத்த முடியாது. தண்ணித் தொட்டி லயத்துக்கு நடுவுல இருக்கு. வெள்ளிக்கிழமை தவிர வேற நாள்ல ஒருத்தி தலைக்கு ஊத்தினா, ஓகோ, முழுகிட்டாளான்னு அம்புட்டுப் பேரும் கணக்குப் போடுவாங்க. தலை கொதிக்கக் கொதிக்க வெள்ளிக்கிழமைக்குக் காத்துக் கெடக்கும் அக்கா. தொட்டியப் பாத்துக்கிட்டே நிக்கும், பாக்கச் சகிக்காது. வீட்டுல மாமா பொட்டியக் கவுத்துப் போட்டுத் தூளிச்சேலையத் தேடுவாரு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு அக்கா எரிஞ்சு விழும்.

ஐப்பசி கடைசி வந்துச்சு. விடியக்காலம் பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாரும் வரிசையா நின்னோம். தொரையும் வந்திருந்தாரு. இதான் கடைசிப் பட்டியல்னு தங்கராஜு படிச்சாரு. நான் மூச்ச அடக்கிக்கிட்டுக் கேட்டேன். படிச்சு முடிச்சிட்டாரு. அக்கா பேரும் மாமா பேரும் அதுல இல்ல. தப்பிச்சோம்னு அக்காவத் திரும்பிப் பாத்தேன்.

அக்கா கழுத்துச் செவந்து வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஏறுது. பொறுத்துக்க, இன்னும் கொஞ்ச நேரம், தொரை போயிரட்டும்னு காதுக்குள்ள கெஞ்சினேன். நெத்தியிலருந்து வேர்வ சொட்டுச்சு. வயித்துக் கட்டு அதுல நனைஞ்சு இறுகியிருக்கும். அக்கா பல்லக் கடிச்சுது, ஒதட்டக் கடிச்சுது, முடியல. எரியுதேன்னு அடித்தொண்டையில ஒரு சத்தம். ரெண்டு கையாலயும் இடுப்புக் கட்ட அவுத்துப் பிச்சு உருவி, தூளிச்சேலையத் தூக்கி எறிஞ்சுச்சு.

நூறு பேருக்கு முன்னால அந்தச் சேல மண்ணுல கெடந்துச்சு. அக்கா அதத் திரும்பிப் பாக்கல. நேராத் தண்ணித் தொட்டிக்குப் போச்சு. வாளிய எடுத்துத் தலையில ஊத்துச்சு. ஒரு வாளி, ரெண்டு வாளி, பத்து வாளி.  புதன்கிழமை அன்னிக்கு. அத்தன பேருக்கும் அத்தன மாசத்துக் கதையும் ஒரே நேரத்துல வெளங்கிருச்சு. அக்கா முழுகிருச்சு.

செல்லப்பன் மாமா போயி அந்தச் சேலைய எடுத்தாரு. பச்சக் கரைய விரலால தொட்டுப் பாத்தாரு. தேடிக்கிட்டிருந்தேன் அப்படின்னாரு, யாருகிட்டயும் இல்லாம.  ஈரத்தோட நின்ன பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயித் தலை தொவட்டி விட்டாரு. எனக்கு அவரு அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு.

தங்கராஜு பட்டியல்ல அவங்க ரெண்டு பேரு பேரையும் அன்னிக்கே சேத்துட்டாரு. பொய் சொன்னவளுக்கு இடமில்லன்னு தொரை சொல்லிட்டாராம். நான்தான் பொய் சொன்னேன், என்னை அனுப்புங்கன்னு கால்ல விழுந்தேன். பிரசவம் பாக்க ஆளு வேணும்னு என்னை விட்டுட்டாங்க. மூணாம் நாளு லாரி வந்துச்சு. அக்கா கல்லுகிட்டப் போயிட்டு வந்து ஏறுச்சு. என் மொகத்தப் பாக்குமா பாக்காதான்னு நான் தூணுக்குப் பின்னால நின்னேன். கூப்பிட்டுச்சு. வெள்ளிக்கிழமை வெளக்கு நான் வச்சிர்றேன்க்கா, மூணுக்கும் வச்சிர்றேன்னு சொன்னேன்.

"நாலு வையி" அப்படின்னுச்சு. "அஞ்சு மாசம் எங்கிட்ட இருந்துச்சுல்ல."

இப்ப எனக்கு நாப்பத்தி ரெண்டு. போன மாசத்துலருந்து நெஞ்சுக்குள்ள தீ ஏறுது, ராவுல தூக்கமில்ல, ரெண்டு மாசமா தூரமாகல. எனக்கு என்னன்னு தெரியும். தெரியுறதுக்கு யாரு என்ன வெல குடுத்தாங்கன்னும் தெரியும். வெள்ளிக்கிழமை ஆத்தோரம் போயி நாலு கல்லுக்கும் நாலு வெளக்கு ஏத்துறேன். நாலாவது கல்லு நான் வச்சது, அதுக்கடியில ஒண்ணுமில்ல. ஏன்டி நாலுன்னு எவளாவது கேட்டா வாயக் கிழிச்சிருவேன்.