உத்திராபதி மாஸ்டருக்கு எத்தனை மதிப்பெண்

எனக்குக் கபடி தெரியாது. எங்கள் கல்லூரிச் செயலாளருக்கும் தெரியாது. ஆனாலும் கபடி அணியின் இரண்டாவது பயிற்சியாளர் உத்திராபதியை வேலையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் புள்ளியியல் நடத்துகிறவள். எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அது பூங்குழலி மேடம் வேலை என்பது பெரம்பலூர்ப் பக்கத்து எங்கள் கல்லூரியில் எழுதப்படாத சட்டம். விடுதியில் இட்லி பத்தாமல் போனால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு கோச் எதுக்கு மேடம்? பாடிப் போறதுக்கு அறிவரசன் சொல்லிக் குடுக்குறாரு. அது கண்ணுக்குத் தெரியுது. இந்தாளு என்ன பண்றாருன்னே தெரியல" என்றார் செயலாளர். "பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் குடுங்க. நூத்துக்கு எத்தனைன்னு ஒரே நம்பர். அம்பதுக்குக் கீழன்னா அனுப்பிடலாம்."

உத்திராபதிக்கு நாற்பத்தேழு வயது. சொந்த ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில். ரெட்டிபாளையத்தில் பல வருஷம் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். அந்த ஊர்க் கபடி அணியில் பதினான்கு வருஷம் 'கவர்' நின்றவர். ஓரத்தில் நிற்கிறவன் எதிராளியின் காலைப் பிடித்ததும், பிடிபட்டவன் நடுக்கோட்டுக்குத் தாவிவிடாமல் நெஞ்சைக் கொடுத்து மறிக்கிறவன்தான் கவர். மறித்துவிட்டால் கைதட்டல் காலைப் பிடித்தவனுக்கு. தவறவிட்டால் திட்டு முழுவதும் கவருக்கு. எங்கள் கல்லூரியில் அவர் சொல்லிக்கொடுப்பதும் இந்த ஒன்றைத்தான். இந்த வேலை போனால் அவர் மறுபடியும் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். மாடிப்படி ஏறினாலே அவருடைய இரண்டு முட்டியும் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

முதல் வேலையாக, தன்னைப் பற்றித் தானே எழுதும் படிவத்தைக் கொடுத்தேன். 'உங்கள் சாதனைகள்' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். 'உங்கள் குறைகள்' என்ற இடத்தில் இருந்த ஆறு வரி போதாமல், தனித்தாள் வைத்துப் பின் அடித்திருந்தார். முட்டி வலி. இங்கிலீஷ் வராது. மூணு மணிக்கு மேல் பசி வந்தால் கோபம் வரும். பையன்கள் அடிபட்டால் கை நடுங்கும். இப்படியே பதினெட்டு. எங்கள் துறைத்தலைவர் இதே படிவத்தில் 'குறைகள்: அளவுக்கு மீறி உழைப்பது' என்று எழுதியவர். ஒரு மனிதர் இவ்வளவு உண்மையாக இருந்தால் அவரை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் விளையாடிய படம் ஒன்று வேண்டும் என்று வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி மஞ்சு எடுத்தார்.

"அதெல்லாம் நெறைய இருக்குங்க. ஆனா எதுலயும் அவரு முழுசா இருக்க மாட்டாரு மேடம். ஒண்ணுல முழங்கை இருக்கு. ஒண்ணுல பாதித் தலை இருக்கு. எது வேணும்?"

முழங்கையை அனுப்பச் சொன்னேன்.

அடுத்து, பதினொரு ஆட்டங்களின் புள்ளித்தாள். யார் பிடித்தாரோ அவருடைய பெயருக்கு நேரே ஒரு புள்ளி. ஓரத்தில் நிற்கும் ராஜேஷ்: நாற்பத்து மூன்று. உத்திராபதியின் கையில் வளர்ந்த கவர் ஜோடி மணிவேலும் முத்தமிழ்செல்வனும்: பூஜ்யம், பூஜ்யம். செயலாளர் கேட்ட ஒரே நம்பர் அங்கேயே தயாராக இருந்தது.

சரி, ஆளையாவது பார்ப்போம் என்று மைதானத்துக்குப் போனேன். மணிவேலும் முத்தமிழ்செல்வனும் கைகோத்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். கைகோத்தபடியே தண்ணீர் குடித்தார்கள், கேன்டீனுக்குப் போனார்கள், ஆளுக்கொரு வடை தின்றார்கள். மாலை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை யார் கையை விட்டாலும் இருவரும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும் என்பது மாஸ்டரின் விதி. பெண்கள் விடுதி ஜன்னல்களில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், பைக்கை இரவல் வாங்கி டயரைப் பஞ்சர் ஆக்கிய தகராறில் அந்த இருவருக்கும் ஒரு வாரமாகப் பேச்சே இல்லை. முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, விரல் மட்டும் கோத்தபடி இருந்தார்கள்.

"எதுக்கு மாஸ்டர் இது?"

"ஒருத்தன் நகரப் போறான்னா அடுத்தவனுக்கு விரல்ல தெரியணும் மேடம். கண்ணால பாத்துட்டு நகந்தா லேட்டு."

"புள்ளித்தாள்ல ரெண்டு பேரும் பூஜ்யம். தெரியுமா உங்களுக்கு?"

"கவருக்கு அதானே வரும்" என்றார், சாதாரணமாக.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அடுத்த வாரம் அரியலூர்ல மேட்ச் இருக்குல்ல? முதல் பாதியில இவங்க ரெண்டு பேரையும் வெளிய உக்கார வையுங்க. வித்தியாசம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தோத்துருவோமே."

"அதான் நிரூபணம்."

"என் வேலைக்காகப் புள்ளைங்க தோக்கறதா? நல்லா இல்லீங்க. நான் மூட்டையே தூக்கிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அவர்மேல் கோபமா, அப்படி ஒரு யோசனையைச் சொன்ன என்மேல் கோபமா என்று பார்க்கிங்கில் ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் யோசித்தேன். என்மேல்தான்.

மறுநாள் ராஜேஷைக் கூப்பிட்டேன். தான் பிடித்த நாற்பத்து மூன்று பிடியையும் வீடியோவாகப் போனில் வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் பின்னணி இசை வேறு. உட்கார்ந்து பார்த்தேன். படம் முழுக்க ராஜேஷ்தான். ஆனால் ஓரத்தில், பச்சைக் கைக்குட்டை கட்டிய ஒரு மணிக்கட்டு குறுக்கே வந்து விழுந்தது. அடுத்த வீடியோவிலும் விழுந்தது. மொத்தம் நாற்பத்தொரு வீடியோவில் அந்தக் கை இருந்தது.

"யாருடா இது?"

"மணிவேல் மேடம். அவன்தான் கைக்குட்டை கட்டியிருப்பான்."

"சரி, பிடி நழுவிப் போனதெல்லாம் எங்க?"

"அதையெல்லாம் டெலீட் பண்ணிட்டேன் மேடம்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைப் போடுவது? வெறும் நாற்பத்தொரு கையைக் கொண்டுபோனால், "கை எல்லா நேரமும்தான் அங்க இருக்கும்" என்று செயலாளர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

காப்பாற்றியது ராஜேஷின் தங்கை ஆர்த்தி. என் வகுப்பில்தான் படிக்கிறாள். பிடி நழுவிய வீடியோ யாரிடமாவது இருக்கிறதா என்று வகுப்பில் தற்செயலாகக் கேட்டபோது கையைத் தூக்கினாள்.

"எங்கிட்ட இருக்கு மேடம். அண்ணன் கோட்டை விட்டது எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன். வூட்ல ரொம்ப அலட்டினான்னா டிவியில போட்டு விட்டுருவேன்."

பதினைந்து வீடியோ, தேதியோடு. அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷம் அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண் போட்டேன். அதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

பதினைந்தில் ஒன்பது, ஒரே வாரத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களில் நழுவியவை. அந்த ஒன்பதிலும் பச்சைக் கைக்குட்டை இல்லை. மணிவேல் அந்த வாரம் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் நின்றவன் மணிவேலைவிட ஒரு சுற்றுப் பெரியவன், பலசாலி. மாஸ்டரிடம் கைகோத்துப் பழகாதவன், அவ்வளவுதான். நான் மாஸ்டரிடம் கேட்ட சோதனையை அந்தக் கல்யாணம் எப்போதோ நடத்தி முடித்திருந்தது.

செயலாளர் அறையில் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினேன். முதல் இரண்டு வீடியோவில் ராஜேஷைப் பார்த்தார். பத்தாவதில் ராஜேஷை மறந்து கையைத் தேட ஆரம்பித்தார். "இதோ வந்துருச்சு பாருங்க!" என்று எனக்கே காட்டினார். பிறகு கை இல்லாத ஒன்பதையும் போட்டேன். மூன்றாவதில் எதிராளி ராஜேஷை இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டான். செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, "அட, மறிங்கடா!" என்று கத்தினார். வெளியே இருந்த பியூன் பயந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"சரி, நூத்துக்கு எத்தனை?"

"எண்பத்திரெண்டு சார்."

"பதினெட்டு எங்க போச்சு?"

"அவரே பதினெட்டுக் குறை எழுதிக் குடுத்துருக்காரு சார். குறைக்கு ஒண்ணு கழிச்சுட்டேன்."

வேலை நிலைத்தது. ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்ட செயலாளர், கல்லூரி ஆண்டுமலருக்கு அணியைப் படம் எடுக்கச் சொன்னார். உத்திராபதியை நட்ட நடுவில் நிறுத்த வேண்டும் என்று தனியாக ஓர் உத்தரவும் போட்டார். எந்தப் படத்திலும் மாஸ்டர் முழுசாக இல்லை என்று மஞ்சு சொன்னதை நான் செயலாளரிடம் சொல்லியிருந்தேன்.

மாஸ்டர் புதுச்சட்டையில் வந்தார், அக்குளில் விலைச்சீட்டோடு. அதை நான்தான் பிய்த்தேன். பையன்கள் பின்னால் பெஞ்சில் ஏறி நின்றார்கள். மாஸ்டர் முன்னால், நடுவில் நின்றார். மணிவேலும் முத்தமிழ்செல்வனும் யாரும் சொல்லாமலே கைகோத்து நின்றார்கள். கேமராக்காரர் மூன்று எண்ணினார். மூன்றாவது எண்ணுக்குப் பெஞ்சு லேசாக ஆடியது. கேமராவும் கிளிக் என்றது. வெயிலில் இன்னொரு முறை நிற்க ஆளில்லை.

ஆண்டுமலர் அச்சாகி வந்தது. பின் வரிசையில் பன்னிரண்டு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். நட்ட நடுவில், குனிந்து பெஞ்சின் காலை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் ஒரு மனிதரின் முதுகு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மஞ்சுவுக்குப் போன் செய்து, "மன்னிச்சுக்கங்க, இந்தத் தடவையும் முகம் விழல" என்றேன்.

"முகத்தைத்தான் நான் தெனமும் பாக்குறேனே மேடம்" என்றார் மஞ்சு. "தலையிலேருந்து கால் வரைக்கும் முழுசா இருக்காருல்ல? ஃப்ரேம் போடக் குடுத்தாச்சு."