கேள்வியை அடிக்கும் அக்கா

பல் துலக்கியபடியே, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு கேள்வியைப் பேனாவால் கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார் அக்கா. ‘நீங்கள் ஏன் ஒத்துழைக்க மறுக்கிறீர்கள்?’ கூட்டத்தில் கேட்கச் சொல்லி ஒரு மருத்துவமனை நிர்வாகி எழுதி அனுப்பியது. காகிதம் கிழியும் அளவுக்கு அடித்துவிட்டு, வாய் கொப்பளித்து வந்து சொன்னார்: “ஏன்னு கேட்டா எந்த மனுஷனும் வக்கீலாயிடுவான். எப்போ, எங்கேன்னு கேட்டுப் பாருங்க. கதை சொல்ல ஆரம்பிச்சிடுவான்.”

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு தரப்பாரை வட்டமாக உட்காரவைத்து, நாலே நாலு கேள்வி கேட்டுப் பேசவிடுவதுதான் தொழில். பேச்செல்லாம் அவர்களுடையது. கேள்வி மட்டும் இவருடையது. அந்த நாலு கேள்விக்கு நாலு நாள் அல்லாடுவார். நான் அவர்கள் மாடி வீட்டில் குடியிருப்பதால் அந்த அல்லாட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எழுதிய கேள்வி முதலில் கணவர்மேல் பாயும். அவர் தையற்காரர், முன்னறையில்தான் மிஷின். போன வாரம் ஒரு நாள் அக்கா, “என்னங்க, இன்னிக்கு உங்களை ஆச்சரியப்படுத்தின விஷயம் ஒண்ணு சொல்லுங்க” என்றார். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி, “மணி ரெண்டாச்சு. இன்னும் சாப்பாடு வரல” என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தீங்களா, மனசுல இருந்தது வெளிய வந்துடுச்சு. கேள்வி நல்லா வேலை செய்யுது” என்று குறித்துக்கொண்டார். சாப்பாடு வர மேலும் அரை மணி ஆயிற்று.

வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் கெஞ்சுவாள்: “அம்மா, சாப்பிட்டியான்னு நேரா கேளு. நான் ஒண்ணும் கூட்டம் இல்ல.” ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி அக்காவுக்கு ஆகாது. ‘எல்லோரும் ஒற்றுமையாக இருப்பது நல்லதுதானே?’ என்று ஒரு சங்கத்துக்காரர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, “இது கேள்வியே இல்லைங்க, வேஷம் போட்ட உபதேசம்” என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த மருத்துவமனைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். செவிலியர்களுக்கும் சலவைப் பிரிவுக்கும் பல மாதமாகப் பேச்சே இல்லை. சலவைக்குப் போகும் விரிப்புகள் கிழிந்து வருகின்றன என்று வார்டில் புகார். பழி எல்லாம் எங்கள் தலையிலா என்று சலவையில் கோபம். இன்றும் சமாதானம் ஆகாவிட்டால் சலவைப் பிரிவை மூடி வேலையை வெளியே கொடுத்துவிடுவதாக நிர்வாகி சொல்லிவிட்டார். பதினொரு பேரின் பிழைப்பு.

வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இரு தரப்பும் ஒதுங்கி உட்கார்ந்ததில், நடுவே இரண்டு காலியாகக் கிடந்தன. அக்கா தன் முதல் கேள்வியை எடுத்தார். “இந்த வேலையில நீங்க பெருமைப்பட்ட ஒரு நாளைப் பத்திச் சொல்லுங்க.”

சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர், ஆஜானுபாகுவான மனிதர், முதலில் வாயைத் திறந்தார். “மூடப்போற இடத்துல என்னம்மா பெருமை?” செவிலியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நாலு நாள் உழைப்பு நாலு விநாடியில் கவிழ்ந்தது. அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டார். “தப்பான கேள்விதான். மன்னிச்சுக்குங்க” என்றார். அவர் பார்வை மேற்பார்வையாளரின் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணிக்கட்டின் மேல் போய் நின்றது.

“இந்த வாரம் உங்க கைக்கு வந்த துணியில, மறக்க முடியாதது எது? அது எப்படி வந்துச்சு?”

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். “தலையணை உறைக்குள்ள ஊசி. இந்த மாசத்துல மூணாவது. ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். அதுக்குப் பயந்துதான் கொக்கி போட்டுத் துணியை இழுக்கிறோம். இழுத்தா கிழியாம என்ன செய்யும்?”

தலைமைச் செவிலியரின் முகம் மாறிவிட்டது. “இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?”

‘ஏன்’ விழுந்ததும் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“யாரும் கேக்கலையே, சிஸ்டர்” என்றார் மேற்பார்வையாளர், சண்டைக் குரல் இல்லாமல்.

ஒரு செவிலியர், தரையைப் பார்த்தபடி, “நாப்பது படுக்கைக்கு ரெண்டே பேர். ஊசித் தட்டை மெத்தை மேலயே வெச்சிடுறோம். தப்பு எங்க பக்கமும்தான்” என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பயன்படுத்திய ஊசிகளைப் போட மருந்து வண்டிக்கு ஒரு டப்பா வேண்டும் என்றார் ஒருவர். வார்டிலேயே விரிப்பை உதறிப் பார்த்து அனுப்பலாம் என்றார் இன்னொருவர். எந்த டப்பா, எவ்வளவு பெரிய டப்பா என்று அடுத்த வாக்குவாதம் தொடங்கியது. கைகள் காற்றில் அளவு காட்டின. காலி நாற்காலிகளில் எப்போது ஆள் வந்து உட்கார்ந்தது என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதமே விரிப்புகள் கிழிவது குறைந்து, சலவைப் பிரிவை மூடும் பேச்சு நின்றுபோனது. ஆனால் அன்று அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல, தலைமைச் செவிலியர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா எழுந்தார். தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார்.