பதினோராம் தேதி கிறிஸ்துமஸ்

"தூக்காதே. பின்னால இழுத்துட்டு மறுபடி தள்ளு," என்றாள் ஆட்ரி.

சக்கர நாற்காலியின் முன்சக்கரம் கம்பள விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. க்ளிஃபோர்ட் பின்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார். நாற்காலி ஒரு குலுக்கலோடு கூடத்துக்குள் போனது. நிலையில் தொங்கிய ஜிகினாச் சரம் அவருடைய வழுக்கையைத் தடவி, மூக்குக் கண்ணாடியின் காதில் சிக்கிக்கொண்டது.

"ஹேப்பி கிறிஸ்துமஸ்!" என்று கத்தினார் ஹோட்டல்காரர் ட்ரெவர். சிவப்புக் கோட்டு, பஞ்சுத் தாடி. காலில் மட்டும் தினப்படி போடும் செருப்பு.

ஜன்னலுக்கு வெளியே ஸ்கார்பரோவின் கடல் ஈயத் தகடுபோல் கிடந்தது. நடைபாதையில் ஒரு ஆள் நாயோடு காற்றில் சாய்ந்து போய்க்கொண்டிருந்தான். நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.

கடலோர ஹோட்டல்களில் இது வழக்கம்தான். கோடையில் வந்தவர்கள் போன பிறகு அறைகள் சும்மா கிடக்கும். வயதானவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு பண்டிகைக் காலத்தையே ஐந்து நாளில் முடித்து அனுப்பிவிடுவார்கள். திங்கள் வந்து இறங்கினால் மறுநாள் கிறிஸ்துமஸ். புதன்கிழமை பாக்ஸிங் டே என்கிற மறுநாள் விடுமுறை, பஸ்ஸில் எங்காவது கூட்டிப்போவார்கள். வியாழன் இரவு புது வருஷம். அது ஒன்பது மணிக்கே பிறந்துவிடும், எல்லோரும் படுக்க வேண்டுமே. வெள்ளி காலை வீடு.

க்ளிஃபோர்டும் ஆட்ரியும் பல வருஷமாக இதைக் கேலி செய்து வந்தவர்கள். ஹாலிஃபாக்ஸில் அவர்கள் தெருவிலிருந்து யாராவது போய் வந்தால், "என்ன, அடுத்த ஈஸ்டர் முடிஞ்சிடுச்சா?" என்று ஆட்ரி வேலிக்கு மேலாகக் கேட்பாள். இந்த செப்டம்பரில் அவளேதான் பேப்பரில் விளம்பரத்தைக் காட்டி, "போனா என்ன?" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஸ்கேன் படங்களையெல்லாம் காட்டி முடித்த பிறகு, ஆட்ரி கைப்பையை மூடிக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சொல்லி வைக்கலாமா டாக்டர்?" என்று கேட்டிருந்தாள். டாக்டர் சின்னப் பெண். பேனாவைப் பார்த்தாள். "இப்போதைக்கு எதையும் சொல்லி வைக்க வேண்டாம்," என்றாள்.

திரும்பி வரும் வழியில் இருவரும் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

மகன் ஸ்டூவர்ட் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தில் இருந்தான். அவனிடம் சொல்லக்கூடாது என்று ஆட்ரி சத்தியம் வாங்கியிருந்தாள்.

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான். டிக்கெட் வாங்கிட்டு இடிஞ்ச கோட்டையப் பாக்கிற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். எனக்கு அது வேண்டாம்."

இடிந்த கோட்டைகள் அவளுக்குப் பிடித்தமானவை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் ஒரு கடற்கரை ஊர், அந்த ஊரில் எந்த ராஜாவோ கட்டி எந்த ராஜாவோ இடித்த ஒரு கோட்டை. ஆட்ரி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு பலகையையும் படித்துவிட்டு வருவாள். க்ளிஃபோர்ட் காரைக் கடலைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார். "கூரை இல்லாத வீட்டுக்குக் காசு குடுத்துப் போறியே," என்பார். அவள் திரும்பி வந்து, நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே, யார் யாரை எந்த அறையில் பட்டினி போட்டான் என்று சொல்லுவாள். ஸ்டூவர்ட் பின்சீட்டில் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலை பதினோரு மணிக்கு ஸ்டூவர்ட் கூப்பிடுவான். அங்கே அப்போது இருட்டியிருக்கும். "என்னம்மா, காய் கருகிடுச்சா?" என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு வருஷம் கருகியது. இருபது வருஷமாகக் கேட்கிறான். "உன் மூஞ்சி கருகிடுச்சு," என்பாள் ஆட்ரி. அதற்கப்புறம் பேசுவதெல்லாம் வெறும் வானிலைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வந்த பிறகுதான் அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டு உட்காருவாள்.

இந்தத் தடவை க்ளிஃபோர்ட் அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். ஸ்டூவர்டுக்குச் செய்தி அனுப்பினார். 'ஹோட்டலில் வேடிக்கைக்கு ஒரு கிறிஸ்துமஸ் வைக்கிறார்கள். பதினோராம் தேதி. வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டால் அம்மா சிரிப்பாள்.' ஸ்டூவர்ட் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். சத்தியத்தை மீறவில்லை என்று க்ளிஃபோர்ட் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு கிறிஸ்துமஸை முன்னால் நகர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

நாற்காலியை அணைந்த கணப்பின் பக்கத்தில் நிறுத்தினார். போன் கோட்டின் உள்பையில் இருந்தது. சத்தம் நன்றாகக் கேட்க வேண்டுமென்று முந்தின இரவே கூட்டி வைத்திருந்தார்.

பக்கத்து சோபாவில் ப்ரெண்டா டின்ஸ்டேல் உட்கார்ந்திருந்தாள். வேக்ஃபீல்டு விதவை, வருஷா வருஷம் வருகிறவள். பஸ்ஸில் அவர்களுக்கு முன்சீட்.

"ஏன் கண்ணு, உங்க வீட்டுக்காரர் கடிகாரத்தையே மொறைச்சிட்டிருக்காரே, யாராவது வர்றாங்களா?"

"அது பழக்கம். பஸ் இன்ஸ்பெக்டரா இருந்த ஆளு. கிறிஸ்துமஸே ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா எழுதி வெச்சிடுவாரு," என்றாள் ஆட்ரி.

"இது ஆறு வாரம் சீக்கிரமால்ல வந்திருக்கு?"

"அதான் டிரைவர் பேரைக் கேக்கணும்னு நிக்கிறாரு."

ப்ரெண்டா சோபா குலுங்கச் சிரித்தாள். ஆட்ரியும் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. க்ளிஃபோர்ட் தண்ணீரை நீட்டினார். கேலி உண்மைதான். ஆட்ரியின் தம்பியையே டிக்கெட் இல்லையென்று மழையில் நடுவழியில் இறக்கிவிட்டவர். அந்தத் தம்பி சாகும்வரை அவரோடு பேசவில்லை.

ட்ரெவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார். பெண்களுக்கு சோப்பு, ஆண்களுக்குக் காலுறை. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பாட்டுக் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோர் மார்பிலும், யுத்தத்தில் செத்தவர்களுக்காகக் குத்திக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பூ இருந்தது. ட்ரெவரும் குத்தியிருந்தார், சிவப்புக் கோட்டில் சிவப்புப் பூ, கிட்டே வந்தால்தான் தெரிந்தது. க்ளிஃபோர்ட் தன்னுடையதைக் காலையில் கண்ணாடி முன் நின்று நேராக்கிக் குத்தியிருந்தார். கை செய்தது. புத்தி முழுக்க டிசம்பரில் இருந்தது.

ட்ரெவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டைப் பாதி வரியில் நிறுத்தினார். குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டார்.

"முடிஞ்சவங்க எழுந்து நில்லுங்க," என்றார், வேறு குரலில்.

அப்போதுதான் க்ளிஃபோர்டுக்கு உறைத்தது. பதினோராம் மாதம், பதினோராம் தேதி, பதினோரு மணி. யுத்தத்தில் செத்தவர்களுக்காக நாடே மௌனமாக நிற்கும், வாழ்நாளில் அவர் தவறவிடாத இரண்டு நிமிஷம்.

ஊருக்குள் எங்கோ அதைத் தொடங்கிவைக்கும் வேட்டு வெடித்தது. கடற்காகங்கள் கூரையிலிருந்து கிளம்பின. மூட்டுகள் முனக எல்லோரும் எழுந்தார்கள். தலைகள் குனிந்தன.

அவருடைய அப்பா யுத்தத்தில், இத்தாலியில் செத்தபோது அவருக்கு ஆறு வயது. ஒவ்வொரு நவம்பரிலும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நினைவுத்தூணின் முன் நிற்பாள். அசைந்தால் விரலை நசுக்குவாள். பின்னால் வேலைக்கு வந்தபோது, எந்த பஸ்ஸில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கச் சொல்லுவார். தும்மினவனைக்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

போன் அடித்தது.

கூட்டி வைத்த சத்தம். பொம்மைக் கடை இசைபோல ஒன்று. அந்தக் கூடத்தில் யாரும் தலையைத் தூக்கவில்லை. யாரும் பார்க்காததுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஆட்ரி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவருடைய மார்பை, பிறகு சுவர்க் கடிகாரத்தை. அவள் முகம் மாறியது. உதடு லேசாகத் திறந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை, மடியில் போர்த்தியிருந்த கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தது.

கதவு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. போனை அவள் கையில் கொடுத்திருக்கலாம். க்ளிஃபோர்ட் உள்பைக்குள் கையை விட்டு, பொத்தானைத் தேடி, திரை இருளும்வரை அழுத்திப் பிடித்தார்.

மிச்ச நேரம் கடிகாரம் மட்டும் கேட்டது. ஆட்ரி கையை மறுபடி கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வேட்டு வெடித்தது. ட்ரெவர் தாடியை ஏற்றிக்கொண்டார். பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடியது.

"கிறிஸ்துமஸ் தாத்தா இங்கேயே நிக்கிறாரு, அப்புறம் யாரு கூப்பிட்டது?" என்றாள் ப்ரெண்டா. யாரோ சிரித்தார்கள்.

"யாரு?" என்று கேட்டாள் ஆட்ரி.

"எவனோ. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போடணுமான்னு கேக்கிறவன்."

"ஓ," என்றாள்.

நடைவழிக்குப் போய் போனை உயிர்ப்பித்தார். அது நிதானமாக விழித்துக்கொண்டது. கூப்பிட்டார், அடித்து அடித்து நின்றது. பிறகு செய்தி வந்தது. 'கட் ஆயிடுச்சுப்பா. பரவாயில்லை. பஸ் வந்துடுச்சு, ராத்திரி ஷிஃப்ட், கீழே இறங்கிட்டா போன் கிடையாது. நிஜ கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலக் கூப்பிடுறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.'

மதியம் வான்கோழி வந்தது. இழுத்தால் வெடிக்கும் காகிதக் குழலை ஆட்ரியும் அவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். அவளுக்கு வலுவில்லை என்பதால் அவர் முனையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த பச்சைக் காகிதக் கிரீடத்தை அவள் வைத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு இரண்டு கரண்டி சாப்பிட்டாள். மூன்று மணிக்கு டிவியில் ராணியின் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் உரையைப் போட்டார்கள். எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

சாயங்காலம் அறையில் அவளைப் படுக்கவைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"போனைக் குடு," என்றாள்.

கொடுத்தார். தூரத்தில் பிடித்துப் படித்தாள். கிரீடம் இன்னும் தலையில் இருந்தது.

"கண்ணாடிக்காரன் பாசமாத்தான் எழுதறான்."

"ரெண்டு நிமிஷ மௌனம், ஆட்ரி."

"தெரியும்."

"எங்கப்பா..."

"தெரியும், க்ளிஃப். உங்கப்பா எழுபது வருஷமாப் பொறுமையா இருக்காரு. இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருப்பாரு."

அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ துருத்திப் பெட்டி வாசித்தார்கள்.

"அவன்கிட்ட சொல்லிடவா?"

"சத்தியம் பண்ணியிருக்கே." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அதான் நிஜ கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுறேன்னு போட்டிருக்கானே."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கிரீடம் தலையணையில் நசுங்கியது. அதை எடுக்கலாமா என்று யோசித்தார். எடுக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஹோட்டல் கணக்கில் பாக்ஸிங் டே. காலை உணவுக்கு முந்தின நாள் வான்கோழியை ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பஸ் ஒன்பது மணிக்குக் கிளம்பி, புல்வெளி மேட்டைத் தாண்டி விட்பிக்குப் போனது. மழை தூறியது. பாறை முனையில் இடிந்த மடத்தின் பக்கத்திலேயே பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆட்ரி இறங்கவில்லை. டிரைவர் பஸ்ஸைக் கடலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். க்ளிஃபோர்ட் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவள் கையில் கொடுத்தார். "போயி எல்லாப் பலகையையும் படிச்சிட்டு வா. ஏமாத்தினா எனக்குத் தெரியும்," என்றாள்.

அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கூரை இல்லாத சுவர் ஒன்றின் மறைவில் காற்று குறைவாக இருந்தது. அங்கே நின்று ஸ்டூவர்டைக் கூப்பிட்டார். அவன் இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை. க்ளிஃபோர்ட் டாக்டர் சொன்னதை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். "எப்போலேர்ந்து?" என்று கேட்டான் ஸ்டூவர்ட். அவர் சொன்னார். அவன் பெர்த்திலிருந்து என்ன விமானம் இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னான். சரி என்றார்.

பிறகு பலகைகளைப் படித்தார். எல்லாவற்றையும் படிக்க நேரமாகிவிட்டது. பஸ்ஸில் மற்றவர்கள் வந்து காத்திருந்தார்கள். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். க்ளிஃபோர்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் ஆட்ரி.

கூரையிலிருந்த ஈயத்தை ராஜாவின் ஆட்கள் பிரித்து விற்றுவிட்டார்கள் என்று சொன்னார். அதற்கப்புறம் சுவர்கள் மழையில் தானாக விழுந்தனவாம். அவள் தலையாட்டினாள். டீ ஆறியிருந்தது. அதை அவர் குடித்தார். பஸ் கிளம்பியது.