பூமயில் மூச்சு வாங்கிய காட்சி

காஜா நவாஸ் ஷார்ஜாவில் பதினோரு வருஷம் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். அதனால் எல்லாப் படங்களுக்கும் ஆரம்பமும் முடிவும் அவருக்குத் தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. கீழக்கரைக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர் விற்கும் கடை போட்ட பிறகும் அந்தப் பதினோரு வருஷத்தை அவர் விடவில்லை. ஃபேஸ்புக்கில் விமர்சனம் எழுத ஆரம்பித்தார். நூற்று நாற்பது பேர் படித்தார்கள். அதில் முக்கால்வாசி சொந்தக்காரர்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் திரைப்பட விழா நடத்தினார்கள். நடத்தியவர் வேல்ராஜ் என்ற பள்ளிக்கூட வாத்தியார். வாசலில் ஒரு பலகை வைத்து, பார்க்கிறவர்கள் விமர்சனம் எழுதி ஒட்டலாம் என்றார். காஜா நவாஸ் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, புது நோட்டும் மூன்று பேனாவுமாகக் கிளம்பினார்.

"மூணு பேனா எதுக்கு?" என்றார் மனைவி மாஷிதா.

"ஒண்ணு தீந்துட்டா?"

"மூணு பேனா தீர்ற அளவுக்கு எழுதுனா அத யாரு படிக்கிறது?"

முதல் நாள் அரபுப் படம். அரபு தெரிந்தவர் என்ற கெத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் அது பாரசீகப் படம் என்று தெரிந்தது. அதுவரை அவர் சொன்ன கதை படத்தைவிட நன்றாக இருந்ததாகப் பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அடுத்தது, ஒரு கிழவர் கதவைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடக்கும் படம். கிழவர் மூன்றாவது ஊருக்குப் போவதற்குள் காஜா நவாஸ் தூங்கிவிட்டார். விழித்தபோது கிழவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். 'காலத்தை உறைய வைத்த படைப்பு' என்று எழுதி ஒட்டினார்.

இரண்டாம் நாள் காலை, பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண் ஒருத்தியைப் பற்றிய நாற்பது நிமிஷப் படம். சென்னையிலிருந்து வந்த அம்ரீன் என்ற இளம்பெண் எடுத்தது. காஜா நவாஸ் பத்து நிமிஷம் தாமதமாக உள்ளே போனார். இது நிஜத்தை அப்படியே பிடித்த ஆவணப்படம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அவர்தான் அப்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாரே. வெளியே வந்து எழுதினார்: 'பாசி எடுப்பவராக நடித்த நடிகை மிகை நடிப்பைத் தவிர்த்திருக்கலாம். குறிப்பாக, நீரிலிருந்து எழுந்து மூச்சு வாங்கும் காட்சி செயற்கை.' கீழே பெரிய எழுத்தில் பெயர், ஊர், போன் நம்பர்.

மத்தியானம் பலகை முன்னால் ஒரு பெண் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வரிக்குக் கீழே விரல் ஊர்ந்தது. விரல் முழுக்கப் பாறை கிழித்த பழைய தழும்புகள். தன் எழுத்தை ஒருவர் இத்தனை கவனமாகப் படிக்கிறாரே என்று காஜா நவாஸ் நெஞ்சை நிமிர்த்திப் பக்கத்தில் போய் நின்றார்.

"இத யாருண்ணே எழுதுனது?"

முகத்தைப் பார்த்தார். காலையில் திரையில் பார்த்த அதே முகம்.

"யாரோ வெளியூர்க்காரரு போலம்மா."

"காஜா பாய்!" மண்டபத்துக்குள்ளிருந்து வேல்ராஜ் கத்தினார். "பாசிப் படத்துக்கு நீங்க எழுதுனத டைரக்டர் படிச்சிட்டாங்க. ஒங்களப் பாக்கணும்ங்கிறாங்க!"

அந்தப் பெண் திரும்பினார். கோபமில்லை. அதுதான் காஜா நவாஸுக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு ஊரு அக்காள்மடம், பேரு பூமயிலு. நடிக்கல பாய், அது நாந்தான். ரெண்டாள் ஆழம் முங்கிட்டு மேல வந்தா மூச்சு எப்படி வாங்கணும்? சொல்லுங்க, அடுத்தவாட்டி அப்படியே வாங்குறேன்."

கீழக்கரையில் பிறந்தும் காஜா நவாஸ் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. "தப்புத்தாம்மா. மொதல்ல பொய் சொன்னேன் பாருங்க, அது அதவிடப் பெரிய தப்பு" என்றார். காகிதத்தைக் கிழிக்கக் கை நீட்டினார். பூமயில் தடுத்தார்.

"கிழிக்காதீய. சாயங்காலம் மறுக்காப் போடுறாகளாம். எம்பக்கத்துல ஒக்காந்து பாருங்க."

சாயங்காலம், டைரக்டர் கண்ணில் படாமல் வந்து உட்கார்ந்தார். பூமயில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படத்தைப் பிரித்து மேய்ந்தார்.

"இது சாயங்கால வெயிலு பாய். விடியக்காலம்னு காட்டுறாக. படம் எடுத்த பொண்ணு எந்திரிச்சு வர நேரமாயிருச்சு."

"தண்ணிக்குள்ள வீணை எங்க வாசிக்கிறான்? உள்ள போனா காது அடைச்சிக்கிட்டு கொய்யுனு இருக்கும், அம்புட்டுத்தான்."

"என்கூட எட்டுப் பேரு வருவாளுக. ஒருத்தியையும் காணோம். ஒத்தையில முங்குனா நான் செத்துல்ல போவேன்?"

காஜா நவாஸ் இருட்டில் கிறுக்கித் தள்ளினார். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. நீர் பிளந்து, வாய் திறந்து, நெஞ்சுக்கூடு ஏறி இறங்க ஒரு முகம் மேலே வந்தது. பூமயில் முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். காலையில் இந்த இடத்தில் அவர் திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே இருந்தாராம்.

"நான் இப்படியா இருக்கேன்?" என்றார் மெதுவாக.

விமர்சகருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைவசமிருந்த வார்த்தை எல்லாம் மற்ற படங்களுக்குச் செலவாகியிருந்தது. "ஆமாம்மா" என்றார்.

மறுநாள் காலை பூமயில் சொன்னதைச் சொன்னபடி எழுதி, மேலே 'விமர்சனம்: பூமயில், அக்காள்மடம்' என்று போட்டு ஒட்டினார். பலகை முன்னால் கூட்டம். அம்ரீன் இரண்டு தரம் படித்தார். வீணை பற்றிய இடத்தில் சிரித்தார். எட்டுப் பேர் பற்றிய இடத்தில் சிரிக்கவில்லை. படத்தில் சேர்க்காமல் விட்ட காட்சிகளில் அந்த எட்டுப் பேரும் இருக்கிறார்கள், திரும்ப வெட்டி ஒட்டப் போகிறேன் என்று பூமயிலிடம் போய்ச் சொன்னார்.

காஜா நவாஸ் அதை ஃபேஸ்புக்கிலும் போட, இரண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள். "இந்தத் தடவதான் எனக்குப் புரியிற மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார், மேலே இருந்த பேரைக் கவனிக்காத மாஷிதா. எழுதியது தான் இல்லை என்று சொல்ல ஒரு முழு நாள் ஆயிற்று அவருக்கு.

அடுத்த வருஷ விழா நோட்டீஸில் நடுவர் குழுவில் பூமயிலின் பெயர் இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில், 'நாற்காலி ஏற்பாடு: காஜா நவாஸ்'. விழா அன்று மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் இருநூறு நாற்காலியைப் போட்டு, வரிசைக்கு வரிசை உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் வரிசைதான் சிறந்தது என்று முடிவு செய்து, வந்தவர்களிடமெல்லாம் காரணத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.