ரதியின் இடது இடுப்பு

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாசி மாதக் காமன் கூத்து வந்தால் ரதி வேடம் தினேஸுக்குத்தான். மீசையை மழித்து, புடவை கட்டி, தப்பு மேளச் சத்தத்துக்கு ஒற்றைக் காலில் அவன் சுழன்று நின்றால் பெண்களே தோற்றுப்போவார்கள் என்பாள் அக்கா சுபாஜினி. அது வெறும் பெருமையல்ல.

போன வருடம் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தான். இடது இடுப்பெலும்பு உடைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஆணி வைத்தார்கள். எலும்பு கூடியது, நடை கூடவில்லை. இடது காலை ஊன்றினால் வலப்பக்க இடுப்பு கீழே சரிந்தது.

"இடுப்புப் பக்கத்துத் தசை சோர்ந்து போச்சுது. நடக்கேக்க அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. திரும்பப் பழக்க வேணும்," என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் மயூரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர்.

"மாசிக்கு ஆடலாமா மிஸ்?"

"முதல்ல ஒழுங்கா நடவுங்கோ. பிறகு பாப்பம்."

சுபாஜினிக்கு அரைகுறை வேலை ஆகாது. கொழுந்தெடுத்துத் திரும்பியதும் தம்பியை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டவைப்பாள். அவன் இடது காலை உயர்த்தும்போது இடுப்பு பின்னால் உருளாமல் அணைத்துப் பிடிப்பாள்.

"விடுக்கா, தொடை எரியுது."

"தொடை எரிஞ்சா தப்பா செய்யுற. இடுப்போரம்தான் எரியணும்னு மிஸ் சொன்னாங்கல்ல? மறுபடி தூக்குடி, ரதியம்மா!"

லயத்து வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இல்லை. முன்திண்ணையான இஸ்தோப்பின் தூண்களுக்கிடையே இடுப்பளவில் கயிறு கட்டினாள். இடது காலில் நிற்கும்போது அவன் கட்டியிருக்கும் சாரத்தின் வலப்பக்க மடிப்பு கயிற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. மழைக்காலம் முழுக்க இறங்கியது. பொங்கல் கழிந்து ஒரு காலை, இறங்கவில்லை.

"கொக்கு மாதிரி நிக்கிறான் பாரேன்!" என்று பக்கத்து வீட்டு நல்லம்மா கேலி செய்தாள். சுபாஜினிக்கு அழுகை வந்துவிட்டது.

மாசியில் வேடம் கட்டினான். ரதி கல்யாணக் கட்டத்தில் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சுபாஜினி ஒட்டியாணத்தையே பார்த்தாள். நேராக நின்றது.

விடியும் நேரம் காமன் எரிந்தான். புருஷனை இழந்த ரதி அழுதபடி சுற்றிவர வேண்டும். முதல் சுற்று தாங்கியது. அடுத்த சுற்றில் ஒட்டியாணம் வலப்பக்கம் சரிந்தது. பிறகு இடது காலை வைக்கும்போதெல்லாம் சரிந்தது.

கூட்டம் விம்மியது. "துக்கத்துல கால் பின்னுதே, பாவி மகளுக்கு! என்னமா நடிக்கிறான்!" என்று நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கூத்து முடிந்து குழாயடியில் அரிதாரம் கழுவிக்கொண்டிருந்தவனைத் தப்படிக்கும் முருகையா தட்டிக்கொடுத்தார். "இப்படி ஒரு ரதிய நான் பார்த்ததில்லடா. அடுத்த வருசமும் இதே மாதிரி ஆடணும்."

"அடுத்த வருசம் நம்ம கணபதிப் பய ஆடட்டும் மாமா."

"ஏன்டா, கிராக்கி பண்ணுறியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

தினேஸ் அக்காவைப் பார்த்தான். "ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"ம்."

அவன் குழாயைத் திறந்தான். ரதியின் புடவையை அலசிப் பிழிந்தான். லயத்துக்கு ஏறி, இஸ்தோப்பில் அவள் கட்டியிருந்த கயிற்றின் மேல் அதை விரித்துக் காயப்போட்டான்.